வாகரையில் ஒரு கன்சர்வேட்டரி

சென்னையில் நான் வேலை பார்த்த பள்ளியின் வாசலில் ஒரு நீலப் பலகை உண்டு. பள்ளியின் பெயருக்குக் கீழே 'கன்சர்வேட்டரி ஆஃப் மியூசிக்' என்று வெள்ளை எழுத்தில் இருக்கும். ஏழு வருஷமாக வயலின் பெட்டியோடு அந்தப் பலகையைத் தாண்டி உள்ளே போய் வெளியே வந்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. சம்பளம் வருகிற இடத்தில் போய் அர்த்தம் தேடுவார்களா?

அதைக் கேட்டவர், மட்டக்களப்பு ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர். மலையகத் தோட்டமொன்றில் கிளார்க்காக இருந்தவராம். என் கையிலிருந்த, பள்ளியின் பெயர் அச்சடித்த கடித உறையைத் தலைகீழாகவே படித்துவிட்டு விளக்கம் கேட்டார். இசைப்பள்ளி என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. துரை பங்களாவில் ஒரு கன்சர்வேட்டரி இருந்ததாம். முழுக்கக் கண்ணாடியால் கட்டிய அறை. குளிரில் செடிகள் சாகாமலிருக்க உள்ளே வைப்பார்களாம். "பதினெட்டு வருசம் அதைப் பாத்தவன் நான். அதுக்குள்ள ஒருத்தரும் பாடினதைக் கேக்கல்ல" என்றார். எனக்குத் தூக்கம் வந்தது. எந்த விவாதத்திலும் எனக்குக் கைகொடுப்பது தூக்கம்தான்.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் அநாதைப் பெண்கள் இல்லத்தில் ஒருத்தி பாடுகிறாள், கேட்டவர்கள் மூச்சு விட மறந்துபோகிறார்கள் என்று அந்தப் பக்கம் போய்வந்த ஒரு பாதிரியார் எங்கள் பிரின்ஸிபாலுக்கு எழுதியிருந்தார். மூன்று வருஷப் படிப்பும் சாப்பாடும் இலவசம் என்று பிரின்ஸிபால் முடிவு செய்துவிட்டார். நான் போய்க் குரலைக் கேட்க வேண்டும். சொன்னது உண்மையானால் பாதுகாவலரிடம் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். பெண்ணை அழைத்துவர சென்னைக்குப் போகும் இரண்டு கன்னியாஸ்திரிகள் இருந்தார்கள். இது நடந்தது அறுபதுகளின் நடுவில். எனக்கு அப்போது முப்பது வயது.

மட்டக்களப்பில் இறங்கியபோது கப்பல் இன்னும் என் கால்களுக்குள் இருந்தது. நின்றால் தரை மெல்லச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. ஊரும் அதற்குத் துணை போனது. தெரு முடிகிற இடத்தில் வாவி என்கிற உப்பங்கழி, வாவிக்கு அந்தப் பக்கம் இன்னொரு தெரு. வெயிலில் தென்னைகள் பாதி காற்றிலும் பாதி தண்ணீரிலும் நின்றன. சந்தித்தவர்கள் எல்லாம் வாவிக்குள் மீன் பாடுவதைக் கேட்டாயா என்று விசாரித்தார்கள். கரையில் குனிந்து காது கொடுத்துப் பார்த்தேன். என் வயிறு பாடியதுதான் கேட்டது.

இல்லம் வாவிக் கரையில் இருந்தது. நீண்ட ஓட்டுக் கட்டடம், சின்னக் கோவில், ஒரு பெரிய வேப்பமரம். ஆனால் ஆள் இல்லை. குசினி என்கிற சமையலறையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மட்டும் வந்து, எல்லோரும் தோணியில் அக்கரைக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். அங்கே ஒரு குழந்தை மோசம் போய்விட்டதாம், அடக்கத்துக்குப் பாடப் போயிருக்கிறார்கள். பிறகு எனக்குப் பிட்டும், சட்டியோடு எருமைத் தயிரும், அதன்மேல் கித்துள் பாணி என்ற இனிப்புப் பாகும் வைத்தாள். தயிரைக் கரண்டியால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் தயிர் என்ற பெயரில் குடித்துக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கப்பட்டேன். சாப்பிட்டுவிட்டு வேப்பமரத்தடியில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன்.

பாட்டுச் சத்தத்தில் விழித்தேன். எழுந்துவிட்டேனா, இன்னும் கனவிலேயே இருக்கிறேனா என்று தெரியவில்லை. சூரியன் வாவிக்குள் பாதி இறங்கியிருந்தது. இரண்டு தோணிகள் வந்தன. இரண்டிலும் வெள்ளை உடுப்போடு பெண்பிள்ளைகள் நின்றபடியே பாடிக்கொண்டு வந்தார்கள். மற்றக் குரல்களெல்லாம் தண்ணீரின் மேல் மிதந்து வந்தன. ஒரு குரல் மட்டும் நடுவில் தண்ணீர் இருப்பதே தெரியாமல் வந்தது. வயலின் பெட்டி பக்கத்தில்தான் இருந்தது. சுருதி சரிபார்க்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் குரலுக்குரியவள் தோணியிலிருந்து குதித்து, பாவாடை நுனியைப் பிழிந்தபடி கரையேறினாள். மெலிந்த கறுத்த பெண், பத்தொன்பது வயது. பெயர் கண்ணகை, கண்ணகி அம்மனின் பெயர். கன்னியாஸ்திரி மடத்தில் கண்ணகையா என்று என் முகம் கேட்டிருக்க வேண்டும். பின்னால் வந்த தலைவி மதர் அஞ்செலா, அது பெற்றவள் வைத்த பெயர், அதை எடுப்பதற்குத் தனக்கு என்ன உரிமை என்றார். அவர் இத்தாலியிலிருந்து வந்தவர். நாற்பது வருஷமாக இந்தக் கரையில் இருக்கிறார். பேசுவது முழு மட்டக்களப்புத் தமிழ்.

மறுநாள் காலை கோப்பி குடிக்கும்போது, ரயிலில் பட்ட அவமானத்தை அவரிடம் சொன்னேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"கொன்செர்வாரே எண்டா பழுதாகாம எடுத்து வைக்கிறது, தம்பி. எங்கட ஊரில தக்காளியை உப்புப் போட்டுப் போத்தலில அடைச்சு வைப்பாங்க. அதுக்கும் அந்தச் சொல்லுத்தான். பிள்ளையளையும் அப்பிடித்தான் எடுத்து வைச்சாங்க."

அவருடைய ஊர் நேப்பிள்ஸ். சில நூறு வருஷங்களுக்கு முன்னால் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளைச் சேர்த்து வைக்க அங்கே சில வீடுகள் இருந்தனவாம். அவற்றின் பெயர்தான் கன்சர்வேட்டரி, அதாவது எடுத்து வைத்துக் காக்கிற வீடு. பாட்டெல்லாம் பிறகு வந்தது. பாடத் தெரிந்த பிள்ளைக்குத் திருவிழாவிலும் சாவிலும் ஒரு வேளைச் சோறு நிச்சயம் என்பதால் கற்றுக்கொடுத்தார்கள். ஊரில் சின்னப்பிள்ளை செத்தால் இந்தப் பிள்ளைகள் சம்மனசு, அதாவது தேவதூதர், மாதிரி உடுத்திக்கொண்டு பாடப் போவார்கள். பாட்டு நன்றாக இருக்கிறதென்று, தாய் தகப்பன் உள்ளவர்களும் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். போகப்போக அநாதைகள் குறைந்து பெயர் இசைப்பள்ளிகளோடு நின்றுவிட்டது. பனிக்குப் பயந்து ஆரஞ்சு மரங்களைக் கண்ணாடிக்குள் வைத்த வெள்ளைக்காரர்களும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். ஆக, ரயில் பெரியவர் சொன்னதும் சரிதான். பலகைக்குக் கீழே ஏழு வருஷம் நடந்த எனக்குத்தான் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நேற்றைய தோணிகளை நினைத்துக்கொண்டேன். அந்தப் பழைய வீடு இங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

பிறகு படிவத்தை எடுத்தேன். இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்குத் தகப்பன், தகப்பன் இல்லாவிட்டால் தகப்பன் வழி உறவினர் கையெழுத்து என்று அதில் அச்சடித்திருந்தது. கண்ணகையின் தகப்பன் அவள் குழந்தையாக இருந்தபோதே கடலில் போனவர். எட்டு வயதில் தாயும் காய்ச்சலில் இறந்தபோது இங்கே வந்தாள். தகப்பனின் தம்பி காத்தான்குடிக்கு இந்தப் பக்கம் மீன் வியாபாரம் செய்கிறார் என்று குசினி அம்மாள் சொன்னாள். நான் மதரிடம் ஒன்றும் கேட்காமல், சுறுசுறுப்பு தலைக்கேறிப் புறப்பட்டுவிட்டேன். எப்போதாவது சுறுசுறுப்பாக இருந்தால் எனக்கு இப்படித்தான் ஆகும்.

சித்தப்பா தங்கமான மனிதர். நண்டுக் கறியோடு சோறு போட்டார். கடலையும் கடலில் போன அண்ணனையும் பற்றிக் கண்கலங்கப் பேசினார். படிவத்தைப் படிக்காமலே, உதட்டை மடித்துக்கொண்டு அழகான கையெழுத்தொன்று போட்டுக் கொடுத்தார். வழியில் காத்தான்குடித் தொதல் என்ற இனிப்பில் ஒரு துண்டு வாங்கித் தின்றபடி, காரியம் முடிந்த மிடுக்கில் திரும்பி வந்தேன்.

மதர் படிவத்தைப் பார்த்தார். கண்ணகையைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் வெகு நேரம் பார்த்துவிட்டு, "சித்தப்பாட கையெழுத்து நல்ல வடிவாத்தான் இரிக்கு" என்றாள். பிறகு இரண்டு பேரும் அடக்க முடியாமல் சிரித்தார்கள்.

இந்தப் பகுதியில் பிள்ளை தாயோடு சேர்ந்தது. வயித்துவார் என்கிறார்கள்; தாய் வயிற்று வழி. குடி தாயின் குடி, வீடு தாயிடமிருந்து மகளுக்கு. கட்டிக்கொள்கிறவன் அவள் வீட்டுக்கு வந்து சேர வேண்டும். தகப்பன் பக்கம் சொந்தம்தான், ஆனால் சொல்லுக்கு அதிகாரம் கிடையாது. சோறு போடுவார்கள், சொல் போட முடியாது என்று மதர் விளக்கினார். எங்கள் பக்கம் எல்லாம் தலைகீழ். என் அக்கா கைம்பெண்ணானபோது, வீட்டுக்குத் திரும்பி வரலாமா என்று கேட்டு எழுதினாள். பிறந்து வளர்ந்த வீட்டுக்கு அனுமதி கேட்டு எழுதினாள். அண்ணன் பதில் எழுத ஒரு மாதம் எடுத்துக்கொண்டார். நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. அதை நினைக்கும்போதெல்லாம் என்மேல் எனக்கு அருவருப்பு வரும்.

கண்ணகைக்கு வீடு இருந்தது. வடக்கே வாகரையில், தாய் விட்டுப்போன வீடு. தாயின் தங்கை, அவளுடைய சின்னம்மா, அதே வளவில், அதாவது அதே வேலிக்குள், இன்னொரு வீட்டில் இருக்கிறாள். வருஷத்துக்கு ஒரு தரம் கருவாட்டுப் பொட்டலத்தோடு இல்லத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாள். அந்தச் சின்னம்மாதான் சொல்ல வேண்டியவள். ஆனால் அவளுக்கும் ஒரு மகள் இருக்கிறாள், கலியாண வயது. ஆளில்லாத வீடொன்று பக்கத்திலேயே கிடக்கிறது. பதினொரு வருஷத்தில் கண்ணகை ஒரு தடவையும் வீட்டைப் பற்றி வாய் திறந்து கேட்டதில்லையாம். கேட்டால் நம்பாத மாதிரி ஆகிவிடும் என்றாள்.

"எனக்குப் பாடவும் வேணும், சேர். வீடும் வேணும்" என்றாள். "சின்னம்மா உடனே போகச் சொன்னா, வீடு போயிட்டு எண்டு அர்த்தம். வேணாமெண்டா பாட்டுப் போயிட்டு. எனக்குக் கேக்கவே பயமாக் கிடக்கு."

அவளுக்குப் பதில் நான் போய்க் கேட்பதாக ஒப்புக்கொண்டேன்.

மூன்றாம் நாள் பஸ் ஓட்டமாவடியைத் தாண்டும்வரை வயல்வெளிகளைப் பார்த்தபடி அரைத் தூக்கத்தில் கிடந்தேன். பிறகு காடு, உப்பு மணம், மறுபடி தண்ணீர். ஓரிடத்தில் பாதைக்காகக் காத்திருக்க வேண்டும் என்றார் நடத்துநர். பாதையில்தானே நிற்கிறோம் என்றேன். பஸ்ஸே சிரித்தது. பலகை அடித்த பெரிய மிதவைப் படகைத்தான் இங்கே பாதை என்கிறார்கள். பஸ்ஸையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு பாதை கிளம்பியது. வாவி நடுவில் மணல் திட்டில் ஏறி, இனி நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது. பாரம் குறைய எல்லோரும் இறங்கினோம். முழங்கால் தண்ணீரில், படிவத்தை வயலின் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு நின்றேன். நாலாபுறமும் ஒரே வெள்ளி நிறம். கரை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. விசித்திரம் என்னவென்றால், தரையில் ஆடிக்கொண்டிருந்த என் கால்கள் அந்தத் தண்ணீருக்குள் அசையாமல் நின்றன.

என் பக்கத்தில் துணி மூட்டையைத் தலையில் சுமந்தபடி ஓட்டமாவடி வியாபாரி ஒருவர் நின்றார். எல்லோரும் அவரை நானா, அதாவது அண்ணன், என்றார்கள். என் பெட்டியைப் பற்றி விசாரித்தார், நான் போகிற வீட்டைப் பற்றி விசாரித்தார். முகம் மலர்ந்தது. தானும் அங்கேதான் போகிறாராம். "அந்த வீட்டுப் புள்ளைக்கு வாற மாசம் கலியாணம். நான்தான் சீலை கொண்டு போறன். வீடு வேயிறாங்க, போய்ப் பாருங்க" என்றார்.

கண்ணகை பயந்தது நடந்துவிட்டது என்று நினைத்தேன். பாதை மணலை விட்டு நகர்ந்தபோது மற்றவர்கள் ஆரவாரம் செய்தார்கள். எனக்கு அங்கேயே நின்றுவிடலாம் போலிருந்தது.

வாகரை மணலும் காற்றும். வலைகள் காயும் வெளியைத் தாண்டி நானா என்னைக் கூட்டிப்போனார். ஒரு வளவில் இரண்டு மண் வீடுகள், நடுவில் ஒரு முருங்கை. ஒரு வீட்டின் மேல் இரண்டு ஆட்கள் உட்கார்ந்திருக்க, கீழேயிருந்து பெண்கள் கிடுகு எடுத்துக் கொடுத்தார்கள். நம் ஊரில் கீற்று என்பதைத்தான் இங்கே கிடுகு என்கிறார்கள். மாரி மழைக்கு முன் கூரையைப் புதுப்பிக்கிறார்கள். அங்கே நின்ற உயரமான பெண்தான் சின்னம்மா. அவள் என்னிடம் ஒன்றும் கேட்காமல் என் கையில் ஒரு கிடுகைத் திணித்தாள். வேறு வழியில்லாமல் நானும் வரிசையில் நின்று, ஒருத்திக்கு உரியதை இன்னொருத்திக்குக் கொடுக்கும் வேலைக்குக் கைகொடுத்தேன். கை வேலை செய்தது, மனது பொருமிக்கொண்டிருந்தது.

சோறும் திருக்கைக் கறியும் முருங்கையிலை வறையும் போட்டார்கள். கோபத்திலும் கறி ருசியாகத்தான் இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் படிவத்தை எடுத்து, கண்ணகை படிக்கக் கடல் கடந்து போக வேண்டியிருக்கிறது, மூன்று வருஷம் என்றேன்.  படித்துவிட்டுத் திரும்பி வருவாளா என்று சின்னம்மா கேட்டாள். விருப்பப்பட்டால் வரலாம் என்றேன். உடனே விரலில் மையைப் பூசிக் கட்டைவிரலைப் படிவத்தில் அழுத்திவிட்டாள். எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிந்தது. கண்ணகை சொன்னபடியே உடனே போகச் சொல்லிவிட்டாள்.

என்னால் அடக்க முடியவில்லை. கலியாணப் பெண்ணுக்கு வீடு நன்றாக அமைந்துவிட்டது போலிருக்கிறதே என்றேன். என் குரலில் விஷம் இருந்தது.

"ஓம். இதுதான் இவளுக்கு" என்று நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்ட வீட்டைக் காட்டினாள். அது சின்னம்மாவின் வீடு. அதன் கூரை பழசாகவே இருந்தது. "இனித்தான் வேயணும். முதல்ல அக்காட வீட்டை முடிச்சிட்டம்."

அப்படியானால் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டேன். அவள் என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாள். கிணற்றுக்கு அப்பால், இரண்டு ஆள் படுக்கிற அளவுக்குப் புதுக் குடில் ஒன்று நின்றது. பக்கச் சுவர் இன்னும் பூசி முடியவில்லை. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுத் தானும் புருஷனும் இதற்குள் வரப்போகிறார்களாம். இருபதடி தூரத்தில், பதினொரு வருஷமாக ஆளில்லாத நல்ல வீடு புதுக் கூரையோடு நிற்கிறது. அதில் போய் இருந்தால் என்ன என்று கேட்டுவிட்டேன்.

அவளுக்கு என் கேள்வி விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாள். "அது கண்ணகைட வீடு, தம்பி. ஒருத்தரும் இல்லாத வீட்டை ஏன் வேயிற எண்டு ஊரும் கேட்டதுதான். கூரை போனா மறுகா சுவரும் போயிரும். புள்ள வந்து எதுக்குள்ள இரிக்கிற?"

அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். சாணி மெழுகிய தரை. மூலையில் அடுப்பு, சாம்பலே இல்லாத சுத்தமான அடுப்பு. புதுக் கிடுகின் பச்சை மணமும் பச்சை வெளிச்சமும் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன. வெளியே கடல் சத்தம் எங்கோ தொலைவில் கேட்டது. எனக்கு அக்காவின் கடிதம் நினைவுக்கு வந்தது. அந்த ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து நான் அழுதேன். பெரிய ஆள் அழுவதைப் பார்க்கக் கூடாதென்று நினைத்தோ என்னவோ, சின்னம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

நான்காம் நாள் மத்தியானம் இல்லத்துக்குத் திரும்பினேன். கண்ணகை கோவில் பீடத்துத் துணியைக் கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மதர் வாசலில் நின்றார். நான் படிவத்தை நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"சேர், எங்கட கூரை எப்பிடிக் கிடக்கு?"

"நேற்றுத்தான் வேய்ந்தார்கள். நானும் கிடுகு எடுத்துக் கொடுத்தேன்."

அவள் யோசித்தாள். சின்னம்மாவின் மகளுக்குக் கலியாணம் என்பதையும் சொன்னேன்.

"அப்ப சின்னம்மா எங்க படுக்கப் போறா?"

"கிணற்றுக்குப் பின்னால். குடிலில்."

கண்ணகை பெட்டியைக் கீழே வைத்தாள். பீடத்துத் துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதாள். அது பூசைக்குரிய துணி. மதர் தடுக்கவில்லை. வெகு நேரத்துக்குப் பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கசங்கிய துணியை மறுபடி விரித்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"நான் முதல்ல வாகரைக்குப் போகணும், சேர். அம்மாட அடுப்பில ஒருக்காச் சோறாக்கி, சின்னம்மாவைக் கூப்பிட்டுச் சாப்பிட வைக்கணும். அதுக்குப் பிறகு எங்க எண்டாலும் வந்து பாடுறன்."

அதனால் நாங்கள் போக வேண்டிய கப்பலில் போகவில்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தயிருக்கு இன்னும் ஒரு வாரம் கிடைத்தது. சாயங்காலம் தபால் கந்தோருக்குப் போய் பிரின்ஸிபாலுக்குத் தந்தி கொடுத்தேன்: 'பெண் வருகிறாள், ஒரு வாரம் தாமதம், வீட்டுக் கூரை பத்திரம்.' அவருக்கு ஒன்றுமே புரிந்திருக்காது. இத்தனைக்கும் கன்சர்வேட்டரி என்று அந்த நீலப் பலகையை எழுதச் சொன்னவர் அவர்தான்.